அசையாத விலா

அத்தியாயம் நான்கு

பிணவறை டாக்டர் கையுறையைக் கழற்றிக் கூடையில் எறிந்துவிட்டு, "இந்த மனுஷன் உயிரோட இருக்கும்போதே பாதி பெட்டிக்குள்ள போயிட்டார்" என்றார்.

"எந்தப் பெட்டி டாக்டர்? நாங்க இன்னும் ஆர்டரே குடுக்கலையே" என்றான் நெட்டை.

டாக்டர் சிரிக்கவில்லை. வக்கீலும் சிரிக்கவில்லை. நெட்டைக்கு அது பழக்கம்தான். வக்கீலுக்கு உதவியாளாக வருவதற்கு முன் எட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன். நூறு பேர் முறைத்தாலும் அடுத்த ஸ்டாப்பைச் சத்தமாகச் சொல்லிப் பழகிய வாய் அது. வக்கீல் என்பவர் உண்மையில் இப்போது வக்கீல் இல்லை. கறுப்பு அங்கியைக் கழற்றித் துப்பறியும் தொழிலுக்கு வந்து பதினோரு வருஷமாகியும் பழைய பேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்போது மணி பதினொன்று இருபது. நாலு மணிக்குள் வேலை முடிய வேண்டும்.

விஷயம் இதுதான். வாத்தியக் கருவிகள் பழுது பார்க்கும் அறுபத்தொரு வயதுக்காரர் ஒருவர், நேற்று மதியம் மூன்று மணிக்குத் தன் கட்டிலில் இறந்து கிடந்தார். மார்புக்குக் குறுக்கே அகலமான துணிப் பட்டை, கையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. கட்டியவன் பதினோரு நாளாக அவரைப் பார்த்துக்கொண்ட ஆண் நர்ஸ். "மாத்திரை போட்டா தூக்கத்துல புரண்டு விழுந்துடறார், அதனால கட்டினேன். மருந்துக் கடைக்குப் போயிட்டு முக்கால் மணி நேரத்துல வந்தேன், மூச்சு இல்ல" என்று அவன் சொன்னதைப் போலீஸ் எழுதிக்கொண்டதே தவிர நம்பவில்லை. நெஞ்சை இறுக்கிக் கட்டிக் கொன்றான் என்று கொலை வழக்கு. இன்று நாலு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்கள். அதற்குப் பிறகு அவனை வெளியே கொண்டுவர வருஷக்கணக்காகும்.

காலை எட்டு மணிக்கு நர்ஸின் அக்கா வந்திருந்தாள். தையல்காரி. சீருடை தைப்பவள். அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூட மறந்து ஓடி வந்தவள், வக்கீல் அறைக்குள் அழைக்கும் வரை வெறுங்கையோடு உட்கார முடியாமல், நெட்டையின் சட்டையில் தொங்கிய மூன்றாவது பொத்தானைப் பார்த்துவிட்டு, "தம்பி, இப்படி வா" என்று நிற்கவைத்தே தைத்துக் கொடுத்தாள்.

"உள்பக்கம் நீல நூல்ல ஒரு முடிச்சு போட்டிருக்கேன். என் கைவேலைன்னு எனக்குத் தெரியணும்ல. வேற எவனாவது தைச்சது அறுந்துட்டு என்கிட்ட சண்டைக்கு வருவாங்க."

பிறகு வக்கீலிடம் ஒரே மூச்சில் சொன்னாள். "அந்த வீட்டு வாசப்படியை நான் மிதிச்சதில்ல. செத்தவர் யாரு எவருன்னே தெரியாது. என் தம்பியைத் தெரியும். அவன் எறும்பு கடிச்சாக்கூட ஊதி விடுறவன். அவனை மட்டும் வெளியே கொண்டு வந்துடுங்க சார்."

டாக்டர் இப்போது தன் மார்பிலேயே கையை வைத்துக் காட்டினார்.

"பன்னிரண்டு ஜோடி விலா. ஒவ்வொண்ணும் பின்னாடி முதுகெலும்புல கீல் மாதிரி மாட்டியிருக்கும். மூச்சு இழுக்கும்போது நடுவுல இருக்கிற தசை இழுத்து, வாளியோட கைப்பிடியைத் தூக்கற மாதிரி விலாவை மேலே தூக்கும். உள்ள இடம் பெரிசாகும். இடம் பெரிசானா காத்து தானா வரும். காத்து வந்து நெஞ்சைத் தூக்கறதில்ல. நெஞ்சு தூக்கறதாலதான் காத்து வருது."

"இவருக்கு?"

"கீல் எல்லாம் எலும்பா இறுகிப் போச்சு. அப்படி ஒரு வியாதி இருக்கு. இருபது வருஷமா மெல்ல மெல்ல. விலாக்கூடு மொத்தமும் ஒரே பெட்டி. ஒரு நூல்கூட அசையாது."

"அப்ப மூச்சு எப்படி விட்டார்?" வக்கீல் கேட்டார்.

"பெட்டிக்கு அடித்தட்டு இருக்கே. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல உதரவிதானம்னு ஒரு தசை. அது கீழே இறங்கினாலும் இடம் பெரிசாகும். குடல் கொஞ்சம் நகர்ந்து வழி விடணும், வயிறு முன்னாடி தள்ளும். இந்த ஆளு ராத்திரி பகல் வயித்தாலதான் மூச்சு விட்டிருக்கார்."

"கூட இருக்கிறவங்களுக்குத் தெரியுமா?"

"சட்டை போட்டா யாருக்கும் தெரியாது. லேசாக் கூன். ஆஸ்துமான்னு நினைப்பாங்க. செத்தது மூச்சு நின்னுதான், அதுல சந்தேகம் இல்ல. ஆனா என் அறிக்கை டைப் ஆகச் சாயந்தரம் ஆகும். போலீஸுக்கு அவசரம். நெஞ்சுல பட்டை பதிஞ்ச கோடு இருக்கு, அதைப் பிடிச்சிக்கிட்டு ஓடிட்டாங்க."

வெளியே வந்ததும் நெட்டை கேட்டான். "சார், பூட்டிக் கிடக்கிற கடைக்கு வெளியே இன்னொரு பூட்டு போட்ட கதைதானே இது? அசையாத நெஞ்சை இறுக்கிக் கட்டினா என்ன, கட்டாட்டி என்ன?"

"அதை நீ சொன்னா போலீஸ் கேட்காது. உன் உடம்பு சொன்னா கேட்கும்" என்றார் வக்கீல்.

நெட்டைக்கு அப்போது அது புரியவில்லை.

*

செத்தவரின் வீடும் பட்டறையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இன்ஸ்பெக்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். கட்டிலும் கட்டிலோடு பட்டையும் அப்படியே இருந்தன. இறந்தவரின் சட்டை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. அன்று பிற்பகல் கோர்ட்டுக்குப் போக வேண்டியது.

"பத்து நிமிஷம்தான். எனக்கு நாலு மணிக்கு வேலை இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்களுக்கும் அதே பஸ்தான் சார்" என்றான் நெட்டை.

வக்கீல் சட்டையைப் பையிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தார். பழைய சட்டை, வெளுத்து வெளுத்து மிருதுவானது. மேலே மூன்று பொத்தான்களும் சிந்தாமல் சிதறாமல் இருந்தன. கீழே வயிற்றுப் பக்கம் இரண்டு இடத்தில் துணி கிழிந்து பொத்தானைக் காணோம்.

"இறுக்கினது நெஞ்சு. தெறிச்சது வயித்துப் பட்டன். விசித்திரமா இல்ல?"

"உயிர் போகும்போது துள்ளியிருப்பார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

வக்கீல் பக்கத்துப் பட்டறைக்குள் போனார். நெட்டை பின்னால் போனான். ஆர்மோனியங்களும் அக்கார்டியன்களும் வயிறு திறந்து கிடந்தன. முதலாளி படுத்த பிறகு இரண்டு மாதமாக யாரும் தொடாத இடம். எல்லாவற்றின் மேலும் தூசி போர்வை போலப் படிந்திருந்தது. உத்தரத்தில் ஒரு பக்கம் கரியாகியிருந்தது. கதவு மட்டும் புதுசு.

"ரெண்டு வருஷம் முன்னாடி தீப்பிடிச்சது" என்றார் வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர். "வார்னிஷ் டின். ஒரு வேலையாள் போயிட்டான். பழைய ஃபைல்."

மேஜையோரம் துருத்தித் தோலுக்குப் பசை தடவி அழுத்திவைக்கும் இரும்புக் கட்டைகள் ஆறு வரிசையாக இருந்தன. நாலு கட்டைமேல் விரல் வைத்தால் விரல் அச்சு விழும். இரண்டில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. துணி சுற்றித் தூக்கியது போலத் துடைத்துச் சுத்தமாக இருந்தன.

நெட்டை ஒன்றைத் தூக்கிப் பார்த்தான். "பன்னிரண்டு கிலோ தேறும் சார். எங்க டெப்போ மேனேஜர் மூளையைவிடக் கனம்."

"ரெண்டையும் எடுத்துட்டு வா. வந்து கட்டில்ல படு."

"எந்தக் கட்டில்?"

"அங்க ஒண்ணுதான் இருக்கு."

நெட்டை இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். அவர் முகத்தில் முதல்முறையாகச் சுவாரசியம் தெரிந்தது. வேறு வழியில்லாமல் படுத்தான். மெத்தை நடுவில் இன்னொருவருடைய குழி இருந்தது. அதற்குள் தன் முதுகு சரியாகப் பொருந்தியதை அவன் ரசிக்கவில்லை.

வக்கீல் பட்டையை அவன் மார்பிலும் கையிலுமாகக் குறுக்கே போட்டு, இன்ஸ்பெக்டரையே இழுத்துக் கட்டச் சொன்னார். அவர் இரக்கமே பார்க்காமல் இழுத்தார்.

"மூச்சு வருதா?"

"வருது சார். வயித்தால வருது. இன்ஸ்பெக்டர் ஐயா காலைல பூண்டு சாப்பிட்டது உள்பட எல்லாம் வருது."

"அவிழ்த்துடுங்க. இப்ப கட்டை ரெண்டும் வயித்துமேல."

கட்டைகள் இறங்கின. வயிறு நகர மறுத்தது. ஒரு கணம் நெட்டை பயந்தான். பிறகு அவன் கேட்காமலே விலாக்கள் இரண்டு பக்கமும் தூக்கிக் கொடுத்தன. தோள்கூட மேலே ஏறியது. "கஷ்டமா இருக்கு சார்... ஆனா பேசறேன் பாருங்க... என் பொண்டாட்டி கேட்டா வருத்தப்படுவா..."

"இப்ப ரெண்டும்."

பட்டை விலாவைப் பிடித்தது. கட்டை வயிற்றைப் பிடித்தது. நெட்டை வாயைத் திறந்தான். அறை முழுக்கக் காற்று இருந்தது. மூக்கு திறந்திருந்தது, தொண்டை திறந்திருந்தது, யாரும் கழுத்தைத் தொடவில்லை. ஆனால் காற்று வாசலில் நின்றுகொண்டு உள்ளே வர மறுத்தது. உள்ளே இடம் இல்லை, அவ்வளவுதான். கை பட்டைக்குள் இருந்தது. சொல்ல ஒரு நல்ல வார்த்தை வைத்திருந்தான். அது வரவில்லை.

"எடுங்க!" என்று இன்ஸ்பெக்டரே கத்தினார்.

நெட்டை எழுந்து உட்கார்ந்து, சட்டையைத் திறந்துவிட்டுக்கொண்டு மூச்சு வாங்கினான். வக்கீல் அவன் தோளில் கை வைத்தபடி இன்ஸ்பெக்டரிடம் பேசினார்.

"இவனுக்குப் பட்டை செஞ்ச வேலையைச் செத்தவருக்கு வியாதி இருபது வருஷம் முன்னாடியே செஞ்சு முடிச்சிடுச்சு. விலா இறுகிப் போனவர். பிணவறை டாக்டரைப் போன்ல கேளுங்க. அவருக்கு இருந்தது வயிறு ஒண்ணுதான். உங்களையோ என்னையோ இந்தக் கட்டை கொல்லாது. இந்த ஆயுதம் இந்த ஊர்ல ஒரே ஒருத்தரைத்தான் கொல்லும்."

இன்ஸ்பெக்டர் முட்டாள் இல்லை. "சரி. அப்ப அந்தக் கட்டையை அந்தப் பையனே வெச்சிருக்கலாமே? கூடவே இருந்தவன். அவனுக்குத்தானே தெரியும்?"

"அதுக்கு அவனே எழுத்துல பதில் சொல்லியிருக்கான்."

கட்டில் காலில் நர்ஸ் கம்பெனியின் தினசரி அட்டை தொங்கியது. நாளுக்கு மூன்று முறை எழுத வேண்டும்: சூடு, நாடி, மூச்சு. சூட்டுக்கும் நாடிக்கும் எண் இருந்தது. மூச்சுக் கட்டத்தில் பதினோரு நாளும் எண் இல்லை. 'மார்பு அசைவு தெரியவில்லை. எண்ண முடியவில்லை.' நாலாம் நாள், 'அலுவலகத்துக்குத் தெரிவித்தேன்.' எட்டாம் நாள், 'மறுபடி தெரிவித்தேன்.'

"நெஞ்சையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான். நர்ஸ் பள்ளிக்கூடத்துல நெஞ்சைப் பார்த்து எண்ணச் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஒரு சாண் கீழே பார்த்திருந்தா எண்ணியிருப்பான். மூச்சு எங்கே இருக்குன்னே தெரியாதவன், அதை எங்கே போய் அடைப்பான்?"

இன்ஸ்பெக்டர் அட்டையை இரண்டு தடவை படித்தார். தொப்பியைக் கழற்றினார். "அப்ப தெரிஞ்சவன் யாரு?"

வக்கீல் சட்டையை மறுபடி விரித்தார். "இதைத் தைச்சவங்க. பாருங்க, அக்குளுக்குக் கீழே ரெண்டு பக்கமும் ஒளிவா ஒரு மடிப்பு. வயித்துக்கிட்ட விரிஞ்சு சுருங்க மூணு அங்குலம் விட்டிருக்கு. நெஞ்சுல ஒட்டப் பிடிச்ச தையல். தொப்பைக்காரனுக்கு இப்படித் தைக்க மாட்டாங்க. வயித்தால மூச்சு விடுறவனுக்குத்தான் தைப்பாங்க. இவர் டாக்டர்கிட்ட மறைச்சிருக்கலாம், கூட இருந்தவன்கிட்ட மறைச்சிருக்கலாம். டேப் பிடிச்சவங்ககிட்ட மறைக்க முடியலை."

"ஊர்ல தையல்காரங்க நூறு பேர் இருக்காங்க."

நெட்டை அப்போது தன் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது பொத்தானில் விரல் நின்றது. உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். நீல நூல் முடிச்சு, கடுகளவு.

மெதுவாக எழுந்து வக்கீல் கையிலிருந்த சட்டையை வாங்கினான். மேலே மிச்சமிருந்த மூன்று பொத்தான்களின் உள்பக்கத்தைத் தடவினான். வெளுத்துப் போயிருந்தாலும் நீலம் நீலம்தான். மூன்றிலும் இருந்தது.

அவன் சட்டையை மடித்தான். சொல்லாமலே விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தான் என்பதுதான் நிஜம். காலையில் "தம்பி, இப்படி வா" என்ற குரல் காதில் இருந்தது. வக்கீல் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் தன் சட்டையின் மூன்றாவது பொத்தானைத் திருப்பிக் காட்டினான். அவ்வளவுதான்.

"நாலு மணிக்கு முன்னாடி கோர்ட் வாசல்ல உங்களைப் பார்க்கிறேன்" என்றார் வக்கீல் இன்ஸ்பெக்டரிடம். "அதுவரைக்கும் டாக்டருக்கு ஒரு போன் போட்டுடுங்க."

*

தையல் கடை ஒரு ஆள் அகலம். மணி மூன்று ஐந்து. அவள் காக்கித் துணியை மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவர்களைக் கண்டதும் கால் நின்றது.

"விட்டுடுவாங்களா சார்?"

"உங்க தம்பி நெஞ்சைக் கட்டினதால அவர் சாகலைன்னு இன்ஸ்பெக்டருக்கே தெரிஞ்சு போச்சு."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். வக்கீல் ஸ்டூலில் உட்கார்ந்தார். சுவர்ப் பலகையில் அளவு நோட்டுகள் வருஷ வாரியாக அடுக்கியிருந்தன.

"சீருடைக்கு நெஞ்சளவு எப்படிம்மா எடுப்பீங்க?"

"ரெண்டு அளவு. மூச்சை விட்டு ஒண்ணு, இழுத்து நிறுத்தி ஒண்ணு. போலீஸ் தேர்வுக்குப் போறவங்க நெஞ்சை விரிச்சுக் காட்டணும், சட்டை பிடிக்கக் கூடாது. பழகிப் போச்சு, எல்லாருக்குமே அப்படித்தான் எடுப்பேன்."

"ஒரு சட்டை, வெளுத்ததைப் பார்த்தா நாலு வருஷம் ஆகியிருக்கும். அந்த வருஷத்து நோட்டை எடுங்களேன்."

எந்தப் பக்கம், யார் பேர் என்று அவள் கேட்கவில்லை. எடுத்தாள், திருப்பினாள், விரல் நேராகப் போய் நின்றது. நெட்டை எட்டிப் பார்த்தான். சின்னச் சின்ன எழுத்து. நெஞ்சு 36, இழுத்து 36. பக்கத்தில் கேள்விக்குறி போட்டு அடித்திருந்தது. கீழே, வயிறு 32, இழுத்து 35.

"மூணு தடவை அளந்தேன்" என்றாள். "டேப் தப்புன்னு நினைச்சேன். 'நெஞ்சை விடும்மா, எனக்கு எல்லாம் கீழேதான், வெளியே சொல்லாதே'ன்னார். நான் சொல்லவே இல்ல."

"காலைல அவரைத் தெரியாதுன்னீங்க."

"ஆமா."

மெஷின் சக்கரத்தைக் கையால் மெதுவாக உருட்டினாள். ஊசி இறங்கி ஏறியது.

"என் வீட்டுக்காரர் அங்க பாலிஷ் போட்டுக்கிட்டிருந்தவர். மத்தியானம் வெளியே போய் ஆளுங்க நேரம் ஓட்டுவாங்கன்னு வெளிப்பக்கம் பூட்டிட்டு முதலாளி தூங்கப் போவாராம். தினமும். தீப்பிடிச்ச அன்னைக்கும் பூட்டியிருந்தது. கதவைத் தட்டித் தட்டிக் கை... விசாரணையில, 'உள்ளே தாழ்ப்பாள் போட்டது அவன்தான்'னு சொல்லிட்டார். எழுதிக்கிட்டாங்க. தம்பி அப்ப கப்பல்ல இருந்தான். தீ விபத்துன்னு மட்டும் சொன்னேன். பதினோரு நாள் முன்னாடி கம்பெனிக்காரன் அவனை எந்த வீட்டுக்கு அனுப்பினான்னு கேட்டப்போ..."

"தம்பிகிட்ட சொல்லலை."

"சொன்னா வேலையை விட்டுடுவான். 'ரெண்டு மணிக்கு மருந்து வாங்கப் போறேன்க்கா'ன்னு அவன்தான் போன்ல சொன்னான். கதவு சும்மா சாத்தியிருந்தது. அவர் தூங்கறார். நெஞ்சு கல்லு மாதிரி கிடக்கு, வயிறு மட்டும் ஏறி ஏறி இறங்குது. கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே நின்னேன். அப்புறம் பட்டறைக்குப் போனேன்." சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "பட்டை கட்டியிருந்ததைப் பார்த்தேன். அது என் தம்பி கழுத்துல வந்து விழும்னு தோணலை. நெஞ்சுல கட்டினா அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சுட்டேன்."

நெட்டை தரையைப் பார்த்தான்.

"அவனை மட்டும் வெளியே எடுக்க முடியுமான்னு பார்க்கத்தான் உங்ககிட்ட வந்தேன் சார்."

"அவன் செய்யலைன்னு நான் வெக்கிற ஒவ்வொரு படியும் இந்த வாசலுக்குத்தாம்மா வருது" என்றார் வக்கீல். அவர் குரலில் வெற்றி ஒன்றும் இல்லை. "அட்டை அவனுக்குத் தெரியாதுன்னு சொல்லுது. இந்த நோட்டு தெரிஞ்சது யாருன்னு சொல்லுது. பாதி மட்டும் சொன்னா மாஜிஸ்திரேட் அவனைத்தான் உள்ளே அனுப்புவார்."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இருபத்தைந்து.

"நாலு மணிக்குள்ள போயிடலாமா?"

"போயிடலாம்."

டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டி மெஷின்மேல் வைத்தாள். நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஓட்டிக்கொண்டிருந்த காக்கித் தையலைப் பாதியில் விட மனம் வராமல், கடைசி இரண்டு அங்குலத்தை முடித்து நூலை அறுத்தாள். பிறகு வெளியே வந்தாள்.

நெட்டை ஷட்டரை இழுத்து இறக்கினான். கொக்கியில் தொங்கிய பூட்டை எடுத்தான்.

"பூட்டாதே தம்பி."

"அக்கா, ஊரார் துணி எல்லாம் உள்ளே கிடக்கு..."

"உள்ளே யாரும் இல்லைன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் பூட்டாதே."

அவன் பூட்டைத் திறந்தபடியே கொக்கியில் மாட்டினான். வக்கீல் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார். அவள் ஏறி உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, "சீக்கிரம் போகச் சொல்லுங்க" என்றாள்.

பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்த நெட்டைக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தான். இந்தத் தடவை வயிற்றின்மேல் எந்தக் கட்டையும் இல்லை. அப்படியும் ஒரு வார்த்தை வரவில்லை.